வெப்பமானிப் பெட்டிக்கு நீலம் அடித்த கதை

எங்கள் நிலையத்தின் வெப்பமானிப் பெட்டிக்கு நீலப் பெயின்ற் அடித்தது என் பொறுப்பில்தான். பிரஷ்ஷைப் பிடித்தது மச்சான் என்பது உண்மை. ஆனால் பெட்டியின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் "உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது, எழுத எத்தனையோ நல்ல விஷயங்கள் இருந்தும் கை இதற்குத்தான் போனது. சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன், கொஞ்சம் பிந்தி.

1. முதல் நாள் வெயில்

மன்னார்த் தீவில் கடலைப் பார்த்தபடி இருந்த சின்ன வானிலை நிலையம் அது. எழுத்து வேலைக்கு ஒரு கந்தோர் அறை, இரண்டு கதிரை, கதவு சரியாகப் பூட்டாத ஒரு அலுமாரி. வெளியே கம்பி வேலி அடித்த புல் நிலம். அதன் நடுவில் நாலு காலில் ஒரு வெள்ளைப் பெட்டி. சுவர்கள் எல்லாம் சாய்த்து அடுக்கிய பலகைச் சட்டங்கள். காற்று போகும் வரும், வெயில் போகாது. உள்ளே நாலு வெப்பமானிகள். எனக்குச் சோறு போட்டது அந்தப் பெட்டிதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, பொறுப்பாளர் ஹனீபா நானா என்னை முக்கால் மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்தார். எருக்கலம்பிட்டி முஸ்லிம், அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூப்பு. நான் கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவர் யன்னலுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இப்ப காத்து எவ்வளவு சூடு, சொல்லுங்க பாப்பம்."

"சரியான சூடு நானா. நெருப்பு."

"அது உங்கட சட்டைட சூடு. நான் கேட்டது காத்துட சூடு."

பிறகு பெட்டியைத் திறந்து காட்டினார். நான் நினைத்ததைவிட நாலைந்து பாகை குறைவாக இருந்தது. வெப்பமானியை வெயிலில் வைத்தால் அது வெயிலைக் குடித்துவிட்டுத் தன் சூட்டைத்தான் சொல்லும், அதனால்தான் பெட்டி, அதனால்தான் வெள்ளை என்றார். அதோடு இரண்டு சட்டமும் சொன்னார். பார்க்காததை எழுதக்கூடாது. எதை மாற்றினாலும், ஒரு ஆணியை மாற்றினாலும்கூட, பதிவேட்டின் ரிமார்க்ஸ் என்ற குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும்.

அந்தக் கறுப்புச் சட்டையை அதன் பிறகு நான் வேலைக்குப் போட்டதில்லை. முதல் சட்டத்தை முப்பத்தைந்து வருடம் மீறவுமில்லை. இரண்டாவதைத்தான் கோட்டை விட்டேன்.

2. சாவி கைமாறியது

வேலை என்ன என்று கேட்டால் இவ்வளவுதான். காலை எட்டரைக்கு மினிமம் பார்ப்பது, அதாவது போன இரவின் ஆகக் குறைந்த சூடு. பின்னேரம் மக்சிமம், அன்றைய பகலின் ஆகக் கூடிய சூடு. பார்த்து எழுதி, வெப்பமானியை மறுநாளுக்குச் சரிப்படுத்தி வைப்பது. மழை பெய்தால் மழை. காற்றென்றால் காற்று. ஒரு நாள் வாசிப்பு ஒருவருக்கும் பெரிதாக உதவாது. இன்றைக்கு வெக்கை என்று சொல்ல வெப்பமானி தேவையில்லை, முதுகே சொல்லும். ஆனால் முப்பது வருடத்தை ஒரே இடத்தில், ஒரே மாதிரி, விடாமல் எழுதினால் அதற்குள்ளிருந்து வேறொன்று எழும்பி வரும். அதைத்தான் காலநிலை என்கிறோம். ஒருவன் இன்றைக்கு என்ன கோபத்தில் இருக்கிறான் என்பது வானிலை. அவன் குணம் என்ன என்பது காலநிலை. குணம் தெரிய ஆளோடு கனகாலம் பழகவேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லி இயக்கக்காரர் கட்டளை போட்டார்கள். நானா ஒரு சீலைப் பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பையைக் கீழே வைக்க முதலே சாவியை நீட்டினார்.

"நாங்க வள்ளத்தில போறம். கற்பிட்டியில இறக்குவாங்களாம், அங்கால அல்லாதான் காவல். நீங்க ஒரு நாளையும் எழுதாம விட்டுடாதீங்க தம்பி."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஓம் என்று சொல்லியிருப்பேன். பத்து வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்த மனிசனை வழியனுப்பக் கரைக்குக்கூடப் போகவில்லை. பயம். அதை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு சண்டை வர நாங்களும் மடுப் பக்கம் ஓடினோம், திரும்பி வந்தோம். பதிவேட்டில் அந்த நாட்கள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றில் சிவப்புக் கோடு மட்டும் போட்டிருக்கிறேன். முன்னைப் பின்னை நாட்களைப் பார்த்து ஒரு இலக்கத்தைப் போடுவது இரண்டு நிமிட வேலை, ஒருவரும் பிடிக்கவும் மாட்டார்கள். போடவில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது, அதனால்தான் பின்னால் விழுந்த அடி நன்றாக வலித்தது.

3. அந்தோனியார் துணை

தொண்ணூறுகளின் நடுவில் பெட்டியின் பெயின்ற் உரியத் தொடங்கியது. சோளகக் காற்று மணலையும் உப்பையும் வாரி அடிக்கிற இடம், வேறென்ன நடக்கும்? பலகை தெரிந்தது, சட்டங்கள் வெடிக்கப் பார்த்தன. கொழும்புக்கு எழுதினேன். வெள்ளை எனாமல், இரண்டு தகரம். பதில் வரவில்லை. சாமான் எல்லாம் மதவாச்சி ஆமிச் சோதனையில் இறக்கி, கிளறிப் பார்த்து, ஏற்றி வருகிற காலம். பெயின்ற் தகரத்துக்காக யார் மினக்கெடுவார்கள்?

என் மனைவியின் தமையன் சூசை பள்ளிமுனையில் கடற்தொழில். கோயில் திருநாளுக்கு முன் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிப்பது அவர்கள் வழக்கம். வருடம் முழுக்கக் கிழிந்த களிசானோடு திரிகிறவனும் அந்தக் கிழமை வள்ளத்தைப் புது மாப்பிள்ளை ஆக்கிவிடுவான். சாப்பாடு கொண்டு வந்த சூசை பெட்டியைப் பார்த்தார்.

"என்ன மச்சான், பெட்டி இப்பிடி உரிஞ்சுபோய் நிக்குது? திருநாள் வருதெல்லே. என்ர வள்ளத்துக்கு அடிச்ச மிச்சம் ஒரு தகரம் கிடக்கு."

"என்ன கலர்?"

"நல்ல கலர்."

நல்ல கலர் என்றால் கடும் நீலம். பார்த்ததும் எனக்கு நானாவின் முகம்தான் வந்தது. ஆனால் மழைக்கு முன் அடிக்காவிட்டால் பலகை உக்கிவிடும், பெட்டியே போய்விடும். அடுத்த மாதம் வெள்ளை வரும், வந்ததும் மேலால் அடித்துவிடலாம், அப்போது இரண்டையும் சேர்த்து ரிமார்க்ஸில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சூசை அடித்தார். அடித்து முடித்துக் கை சும்மா இருக்கமாட்டாமல், வள்ளத்துக்கு எழுதுவது போலவே பெட்டியின் கதவில் வெள்ளை எழுத்தில் "அந்தோனியார் துணை" என்றும் எழுதிவிட்டார்.

"அரசாங்கச் சொத்தெல்லோ மச்சான்!"

"அரசாங்கத்துக்கும் ஆரின்ரையாவது துணை வேணும்தானே."

மனைவி வந்து பார்த்து, பெட்டி இப்போதுதான் வடிவாக இருக்கிறது என்றாள். மகள் கோயிலில் முதற்தடவை நற்கருணை வாங்குகிற முதல்நன்மைக்குப் படம் எடுக்க வேறு இடம் தேடவில்லை. வெள்ளை உடுப்பு, முக்காடு, கையில் மெழுகுதிரி, பின்னால் நீலப் பெட்டி.

வெள்ளைப் பெயின்ற் அடுத்த மாதம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. மேற்பார்வைக்கு ஒருவரும் வரவில்லை. ரிமார்க்ஸ் கட்டம் வெறுமையாகவே இருந்தது. மக்சிமம் கொஞ்சம் ஏறித்தான் நின்றது. நான் அதைப் பார்த்தேன். இந்த வருடம் வெக்கைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஏழு வருடம் அப்படியே போனது. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து புதிய வெள்ளைப் பெட்டியே வந்தது. நீலப் பெட்டியைச் சூசை கொண்டுபோய்க் கோழிக்கூடு ஆக்கினார். புதிய பெட்டி வைத்த தேதியை மட்டும் ஒழுங்காக எழுதினேன். பழையது என்ன நிறம் என்று எழுதவில்லை.

4. காரணம் தெரியாத மேடு

நான் ஓய்வு பெற ஒரு வருடமும் இல்லாத நேரம், கொழும்பிலிருந்து நிரஞ்சனி மிஸ் வந்தார். திருகோணமலைப் பிள்ளை, காலநிலைப் பிரிவில் உத்தியோகம். நாட்டில் நெடுங்காலப் பதிவுகள் இருக்கிற நிலையங்களைத் தெரிந்தெடுத்து, சூடு உண்மையில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. எங்கள் பதிவேடுகளை எல்லாம் முன்பே கொம்பியூட்டரில் ஏற்றியிருந்தார். திரையைத் திருப்பி எனக்குக் காட்டினார். இரண்டு கோடுகள்.

"மேல மக்சிமம். கீழ மினிமம். இதைப் பாருங்கோ ஐயா."

மேல் கோடு ஓரிடத்தில் திடீரென்று ஏறி, ஏழு வருடம் உயரத்தில் நின்று, பிறகு திடீரென்று இறங்கியது. நடுவில் ஒரு மேடு. எனக்கு அது மேடாகத் தெரியவில்லை, பெட்டியாகவே தெரிந்தது.

"இந்த ஏழு வருஷமும் என்ன நடந்தது ஐயா? வெப்பமானி மாத்தினீங்களோ? பக்கத்தில கட்டடம் கட்டினவையோ?"

"ஒண்டும் நடக்கேல்ல மிஸ்."

சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் பார்க்காத ஒரு இலக்கத்தை எழுதாதவன், பார்த்ததை மறைத்து வாயால் பொய் சொன்னேன். விசாரணை வரும், ஓய்வு பெறுகிற நேரத்தில் பெயர் நாறும் என்ற பயம்.

மிஸ் திரையைத் தன் பக்கம் திருப்பினார். "அப்பிடியெண்டா இந்த நிலையத்தைப் பட்டியலில இருந்து எடுக்கவேண்டி வரும். காரணம் தெரியாத மேடு இருந்தா மற்றதையும் நம்பேலாது."

"அந்த ஏழு வருஷத்தை மட்டுமோ?"

"இல்லை ஐயா. முழுக்க. முன்பக்கம் எழுதினதும் சேர்த்து."

முன்பக்கம் என்றால் ஹனீபா நானாவின் கையெழுத்து. உருண்டை உருண்டையான இலக்கங்கள், ஒரு வெட்டுக்கொத்து இல்லை. ஒரு நாளையும் விட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டு வள்ளம் ஏறிய மனிசனுடைய பத்து வருடம். அதையும் சேர்த்து நான் நீலம் அடித்திருக்கிறேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் புத்தளத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். நானா அங்கேயே தங்கிவிட்டார். அவர்கள் பெருநாளுக்கும் எங்கள் நத்தார்ப் பண்டிகைக்கும் கதைப்போம். முழுவதையும் சொன்னேன்.

"நீலமா?" என்றார்.

"ஓம் நானா. கடும் நீலம்."

"முதல் நாள் உங்கள வெயில்ல நிப்பாட்டினது எதுக்கு தம்பி? விளையாட்டுக்கா?"

அவர் கோபப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஊரை விட்டுப் போன நாளில்கூட அந்தக் குரல் வரவில்லை.

"வீடு போச்சு, தோட்டம் போச்சு. அந்தப் பதிவேட்டிலதான் நான் இருந்ததுக்கு ஒரு அடையாளம் கிடக்கு. போய்ச் சொல்லுங்க" என்றார். பிறகு குரல் தணிந்து, "தனியச் சொல்லப் பயமெண்டா என்ட பேரையும் சேத்துச் சொல்லுங்க. பழைய பொறுப்பாளன்தானே."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

5. படம்

மறுநாள் காலை எட்டரைக்கு மினிமம் பார்க்கப் போகும்போது மிஸ்ஸையும் கூட்டிப்போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். கந்தோருக்குள் வைத்துச் சொல்ல வாய் வராது என்று தெரியும்.

அவர் கோபிக்கவில்லை. கண்ணை அகல விரித்து, "ஐயா, எப்ப அடிச்சனீங்கள்? தேதி தெரியுமோ?" என்றார். அவருக்கு என் பாவம் முக்கியமில்லை, தேதிதான் முக்கியம்.

ரிமார்க்ஸில் இல்லாத தேதிக்கு எங்கே போவது? அப்போதுதான் மகளின் முதல்நன்மைப் படம் நினைவுக்கு வந்தது. பின்பக்கத்தில் ஸ்டூடியோக்காரன் தேதி குத்தியிருந்தான். முன்பக்கத்தில் மகளின் முக்காட்டுக்கு மேலே "துணை" என்ற சொல் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கிழமைக்கு முந்திய கிழமைதான் பெயின்ற் அடித்தது, திருநாளை வைத்துச் சூசையும் உறுதி சொன்னார். அகற்றிய தேதி புதிய பெட்டியின் குறிப்பில் இருந்தது.

"இப்ப இது காரணம் தெரிஞ்ச மேடு" என்றார் மிஸ். "தெரிஞ்சா கழிக்கலாம்."

பின்னேரம் கழித்துக் காட்டினார். அக்கம்பக்க நிலையங்களின் பதிவோடு ஒப்பிட்டு, அந்த ஏழு வருடத்தில் நீலம் கூட்டிய சூட்டை மட்டும் எடுத்துவிட்டார். மேடு காணாமல் போனது. எனக்கு மூச்சு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். உலகம் சூடாகிறது, மன்னாரும் சூடாகிறது என்று ரேடியோவில் கேட்ட போதெல்லாம் என் அடிமனதில் ஒரு குறுகுறுப்பு இருந்தது. நம்முடைய இலக்கங்களும் அதில் சேர்ந்திருக்கும், அந்தச் சூட்டில் ஒரு பங்கு சூசையின் பெயின்ற்தான் என்று. பயமாகவும் இருக்கும், ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருக்கும். பிழை என்னுடையது என்றால் உண்மையில் நிலைமை அவ்வளவு மோசமில்லை அல்லவா?

"மிஸ், மேடு போயிட்டுது. அப்ப கோடு நேராகத்தானே இருக்கவேணும்?"

"பாருங்கோ ஐயா."

பார்த்தேன். வெள்ளைப் பெட்டி வந்ததும் கோடு இறங்கியிருந்தது உண்மை. ஆனால் நானாவின் காலத்தில் இருந்த இடத்துக்கு அது இறங்கவில்லை. கழித்த பிறகும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வர வர மெல்ல ஏறியது.

"கீழ் கோட்டைப் பாருங்கோ" என்றார். மினிமம். அதில் முதலிலிருந்தே மேடு இல்லை. இரவில் வெயில் இல்லை, நீலம் குடிப்பதற்கு ஒன்றுமில்லை. என் பிழை தொடாத கோடு அது. அதுவும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஏன் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, எங்களைப் போல வாசிப்பு எழுதுகிற ஒப்சேவர் வேலை பார்த்த எவனுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். பகலில் வெயில் நிலத்தையும் கடலையும் சூடாக்கும். இரவில் அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாமல் வானத்துக்குத் திரும்பிப் போகும். தை மாதத்தில் வானம் துப்புரவாக இருந்தால் மினிமம் நன்றாக இறங்கும். மப்பு மூடிய இரவில் இறங்காது. மேகம் சூட்டைப் போகவிடாமல் மறித்துவைக்கும். இதை நாங்கள் எல்லாரும் கையால் எழுதியிருக்கிறோம். நிலக்கரி, பெற்றோல், டீசல் எரித்தும் காடு எரித்தும் வருகிற கரியமில வாயு செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். வெயில் வரும்போது விட்டுவிடும், சூடு போகும்போது மறிக்கும். அந்த வாயு கொஞ்சமாவது இல்லாவிட்டால் நாங்கள் விறைத்துப்போயிருப்போம். கூடக்கூடத்தான் வில்லங்கம். மேகம் விடிந்தால் கலைந்துபோகும். இது நூற்றுக்கணக்கான வருடத்துக்குக் கலையாது. கடலும் அதில் நிறையச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது, சூடான தண்ணீர் விரிந்து கரைக்கு ஏறுகிறது.

6. மிச்சம்

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். கண்டித்து இன்னொரு கடிதம் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன், நியாயமான கடிதம். நிலையம் பட்டியலில் நின்றது, நானாவின் பத்து வருடமும் நின்றது. ரெலிபோனில் சொன்னபோது, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், பிறகு, "நீலம் எவ்வளவு கூட்டினது?" என்று கேட்டு அந்த இலக்கத்தை எழுதிவைத்துக்கொண்டார். ஒப்சேவர் ஒப்சேவர்தான்.

வேலையின் கடைசி நாள் மிஸ்ஸின் அனுமதியோடு பழைய பதிவேட்டை எடுத்தேன். பெயின்ற் அடித்த கிழமைக்குரிய, இருபது வருடம் வெறுமையாகக் கிடந்த ரிமார்க்ஸ் கட்டத்தில், எழுதுகிற நாளின் தேதியையும் போட்டு, இப்படி எழுதிக் கையெழுத்து வைத்தேன்: "பெட்டிக்கு இக்கிழமை நீல நிறம் பூசப்பட்டது. உடனே பதியாதது என் தவறு." உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற பாடம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். பிழை விடுவீர்கள். விட்ட அன்றே எழுதுங்கள். எழுதிய பிழையைக் கழிக்கலாம்.

அன்று பின்னேரம் பள்ளிமுனைக்குப் போனேன். சூசை வலை பொத்திக்கொண்டிருந்தார். கரையில் மீன் இல்லை, எங்கேயோ தூரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது என்று ஒரு பாட்டம் சொல்லி முடித்தார். பெயின்ற் விஷயம் கொழும்பு வரை போனது அவருக்குப் பெரிய பகிடி.

"அப்ப உலகம் சூடாகினதுக்கு என்ர பெயின்ற்தான் காரணமெண்டு எழுதிப்போட்டியளோ?"

"உம்மட பெயின்ற்றைக் கழிச்சாச்சு மச்சான்."

"கழிச்சா சரிதானே?"

"கழிச்சாப் பிறகும் கூடிக்கொண்டுதான் இருக்கு."

சூசையின் சிரிப்பு நின்றது. ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உண்மையாவோ?"

"ஓம்."

"அது என்ர பிழையாவே இருந்திருக்கலாமே" என்றார் அவர்.